யானை சரி, வன்னம் எங்கே? கண்டி அரசவை ஆட்டத்தின் பெயர்க்கதை

மலையகத்தில் சிங்கள, தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து மேடையேறும் விழா எதுவானாலும் நிகழ்ச்சி நிரலில் கண்டி மரபு ஆட்டமான வன்னம் ஒன்றாவது இருக்கும். சிங்கள அறிவிப்பாளர் ‘கஜகா வன்னம’ என்று சொல்லி முடித்ததும், தமிழ் அறிவிப்பாளர் ஒலிவாங்கியை வாங்கி ‘அடுத்து யானை நடனம்’ என்பார். மயூர வன்னம மயில் நடனம் ஆகிவிடும். ஹனுமா வன்னம குரங்கு நடனம் ஆகிவிடும். சபைக்கு அது போதும்தான். ஆனால் யானை வந்து சேர்ந்த இடத்தில் வன்னம் காணாமல் போகிறது. அந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது, யாருக்காக உண்டானது, முதலில் அது ஆட்டமாகத்தான் இருந்ததா என்பதெல்லாம் விடுபட்டுப்போன அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

வன்னம் என்றால் என்ன என்று கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். சிங்களப் பாடப்புத்தகப் பதில்: ‘வர்ணனா’, அதாவது வருணனை, புகழ்ந்து பாடுவது. முகநூலில் உலவும் தமிழ்ப் பதில்: அது நம் ‘வண்ணம்’தான், நாயக்க மன்னர்கள் கொண்டுவந்து கொடுத்தது. முதல் பதில் சரியானது, ஆனால் பாதியில் நிற்கிறது. இரண்டாவது பதிலில் உண்மையும் இருக்கிறது, அவசரமும் இருக்கிறது.

வன்னத்துக்குப் போகுமுன் பெரிய பெயரைப் பார்த்துவிடலாம். ‘கண்டி நடனம்’ என்பது வெளியாட்கள் வைத்த பெயர் என்றே சொல்லலாம். கந்த உட ரட்ட என்றால் மலைமேல் நாடு. அந்தத் தொடரின் தலைத்துண்டைப் போர்த்துக்கேயர் பிடித்துக்கொண்டு ‘கந்தியா’ என்றார்கள், அதுவே ஆங்கிலேயர் வாயில் மாறி ஊர்ப் பெயராக நிலைத்தது. ஊர்க்காரர்களுக்கு அந்த நகரம் செங்கடகல, அல்லது மஹநுவர. ஆட்டத்துக்கும் அவர்கள் சொல்வது ‘உடரட்ட நெட்டும்’, மேல்நாட்டு ஆட்டம். தென்கரையில் பஹதரட்ட, இரத்தினபுரிப் பக்கம் சபரகமுவ என்று வேறு இரண்டு மரபுகள் உண்டு. அவற்றிலிருந்து பிரித்துக் காட்டத்தான் இந்தப் பெயர்.

இந்த உடரட்ட நெட்டுமுக்குள்தான் ஐந்து வகை சொல்வார்கள்: வெஸ், நையாண்டி, உடெக்கி, பந்தேரு, வன்னம். பெயர் வந்த வழி ஒவ்வொன்றுக்கும் வேறு. வெஸ் என்பது வேஷம். ஆட்டக்காரர் தலையில் தரிக்கும் வெள்ளி முடியும் உடம்பில் பூணும் ஆபரணங்களும்தான் அந்த ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தன. ஆபரணம் மொத்தம் அறுபத்து நான்கு என்பது மரபுக் கணக்கு. உடெக்கி, கையில் பிடிக்கும் சிறு மேளம். நம் உடுக்கையேதான், இடை சிறுத்த உருவம்கூட மாறவில்லை. பந்தேரு, தோல் போர்த்தாத வளையத்தில் சிறு தாளத் தகடுகள் கோத்த கருவி. பத்தினித் தெய்வத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஆக, ஒன்று உடுப்பால் பெயர் பெற்றது, இரண்டு கருவியால் பெயர் பெற்றவை. வன்னம் ஒன்றுதான் பாட்டால் பெயர் பெற்றது.

‘கண்டி அரசவை நடனம்’ என்று மொத்தத்துக்கும் ஒரே பட்டம் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை. வெஸ் ஆட்டத்தின் பிறப்பிடம் அரண்மனை இல்லை, கொஹொம்ப கங்காரிய என்ற சடங்கு. கொஹொம்ப என்றால் வேம்பு, அந்தப் பெயரில் ஒரு தெய்வமும் உண்டு. இலங்கையின் முதல் அரசனாகச் சொல்லப்படும் விஜயன், தான் மணந்த இயக்கி குவேனியைக் கைவிட்டான். அவள் சாபம் அவனுக்குப்பின் அரசாண்ட பண்டுவாசுதேவனைப் பிடித்தது. சிறுத்தை உருவில் வந்த அந்தத் தோஷத்தைத் தீர்க்க மலய தேசத்து அரசனைக் கடல் கடந்து வரவழைத்தார்கள். அவன் செய்த சடங்குதான் முதல் கங்காரிய என்பது கதை. கிராமத்தில் பந்தல் போட்டு, இரவெல்லாம் மேளம் கொட்டி, நோயும் பஞ்சமும் நீங்க ஆடுவது. அங்கே ஆடுகிறவர் கலைஞர் மட்டுமில்லை, பூசாரியும் அவரே. வெஸ் முடி அவ்வளவு புனிதமானதாக இருந்ததற்குக் காரணம் இதுதான். நினைத்தபடி எடுத்து மாட்ட முடியாது. குரு நல்ல நேரம் பார்த்துச் சடங்கோடு முதல் தடவை சூட்டிவிட வேண்டும். பெரஹர ஊர்வலத்தில் வெஸ் ஆட்டக்காரர்கள் இடம்பிடித்ததே 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான்.

இன்று மேடையில் நாம் பார்ப்பது கங்காரியவிலிருந்து வந்த வெஸ் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒருவர் அரசவையிலிருந்து வந்த வன்னத்தை ஆடுவது. இரண்டு தனித்தனிக் கதைகள் ஒரே உடம்பில் ஏறியிருக்கின்றன. ‘அரசவை’ என்ற அடைமொழிக்கு உண்மையில் உரிமை உள்ளது வன்னத்துக்குத்தான்.

கண்டி அரசனிடம் கலைக்கென்றே தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. ஆட்டத்துக்கு நெட்டும் இலங்கம, வாஹல இலங்கம. பாட்டுக்குக் கவிகார மடுவ. வாஹல என்பது வாசல், அரண்மனை வாசல். மடுவ என்ற சொல் மலையகத்தாருக்கு விளக்கத் தேவையில்லாதது. கொழுந்து நிறுக்கிற கொட்டகையை நாம் மடுவம் என்கிறோமே, அதே சொல்தான். கவிகாரர்கள் கூடும் மடுவம் அது. அரசனைப் புகழும் பிரசஸ்தி, வாழ்த்து, விரகப் பாட்டு, வன்னம் எல்லாம் அங்கே இயற்றப்பட்டன, பாடப்பட்டன. கவிப் போட்டிகளும் நடந்தன. இங்கே கவனிக்க வேண்டியது, வன்னம் இருந்த இடம் ஆட்டக்காரர்களின் இலங்கம இல்லை, பாட்டுக்காரர்களின் மடுவ.

பதினெட்டு வன்னங்களும் ஸ்ரீ வீரபராக்கிரம நரேந்திரசிங்கன் காலத்தவை என்பது மரபு. 1707 முதல் 1739 வரை ஆண்டவன். கண்டிக்குக் கிழக்கே குண்டசாலையில் மாளிகை கட்டி வாழ்ந்ததால் ‘குண்டசாலை தெய்யோ’ என்றே அவனுக்குப் பெயர். பாட்டிலும் ஆட்டத்திலும் மிகுந்த பிரியம் உள்ளவன். வன்னக் கவிகளைக் கணிதாலங்காரர் என்ற முதியவர் ஒருவர் கண்டி விகாரைப் பிக்கு ஒருவரின் துணையோடு இயற்றினார் என்பார்கள். கணிதாலங்காரர் என்பது இயற்பெயர் போலத் தோன்றவில்லை, யாரோ கொடுத்த பட்டம் போல இருக்கிறது. எப்படியானாலும் பிக்குவும் புலவரும் சேர்ந்து உட்கார்ந்த கதையில் ஒரு நியாயம் இருக்கிறது. பட்டியலைப் பார்த்தாலே அந்த இரண்டு கையும் தெரியும்.

கஜகா, யானை. இந்திரனின் ஐராவதம் என்பார்கள். துரங்கா, குதிரை. சித்தார்த்தர் அரண்மனையை விட்டுப் போனபோது ஏறிச்சென்ற கந்தகன். மயூர, கந்தக் குமாரனின் மயில். ஹனுமா, இராமாயண அனுமன். நையடி, நாகம். உகுசா, கழுகு. சவுலா, சேவல். கிரலா, ஆள்காட்டிக் குருவி. சிங்கராஜ, முசலடி, உரங்கா என்று மற்ற உயிர்கள். கஹகா, சங்கு. வைரோடி, மணிக்கல். ஈரடி, வில். அசதிருச, ஒப்பில்லாத புத்தர். அவருக்குப் பக்கத்திலேயே கணபதி வன்னம. சுரபதி, உதார. ஓரிரு பெயர்கள் பரம்பரைக்குப் பரம்பரை மாறும். கணபதியும் புத்தரும் ஒரே கோவையில் எப்படி வந்தார்கள் என்று கேட்பவர்கள் கண்டிக்குப் போய்த் புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும். நாதர், விஷ்ணு, கதிர்காமர், பத்தினி என்று நான்கு தேவாலயங்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. பெரஹரவும் இவர்கள் ஐவருக்கும் சேர்த்துத்தான்.

சரி, இப்போது பெயர். பாளியில் ‘வண்ண’ என்றால் நிறம், தோற்றம், கூடவே புகழ்ச்சி. வடமொழி வர்ண, வர்ணனா இதன் உறவு. சிங்களப் பேச்சில் ணகர, னகர வேறுபாடு தேய்ந்துபோனதால் ‘வன்னம’ என்று காதில் விழுகிறது. யானையைப் புகழ்வது கஜகா வன்னம, மயிலைப் புகழ்வது மயூர வன்னம என்றால் வருணனை என்ற பொருள் பொருத்தமாகத்தான் இருக்கிறது. எனக்கும் அதில் மறுப்பில்லை. பாட்டின் சொற்களைப் பார்த்தவர்கள் வேறு முடிவுக்கு வரவும் முடியாது.

ஆனால் பாட்டில் சொல் மட்டுமா இருக்கிறது? தமிழில் வண்ணம் என்ற சொல்லுக்கு நிறத்தைத் தாண்டி ஒரு பழைய தொழிற்பொருள் உண்டு. தொல்காப்பியம் செய்யுளியலில் வண்ணம் இருபது என்று பட்டியல் போடுகிறது. பாஅ வண்ணம், தாஅ வண்ணம் என்று தொடங்கி, வல்லிசை, மெல்லிசை, ஒழுகு, தூங்கல், உருட்டு என்று போய் முடுகு வண்ணத்தில் முடியும். எதைப் பாடுகிறாய் என்ற கேள்வியே அங்கே இல்லை. ஓசை எப்படி ஓடுகிறது என்பதுதான் வண்ணம். உருட்டு, முடுகு என்ற பெயர்களே மேளக்காரர் வாயில் வருகிற சொற்கள் போல இருக்கின்றன. 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் கையில் இது உச்சத்துக்குப் போனது. திருப்புகழ் முழுக்க வண்ணப் பாட்டுத்தான். ‘தனதனன தான’ என்று ஒரு சந்தக் குழிப்பு முதலில், அதில் அச்சாகப் பொருந்தும் சொற்கள் அப்புறம். கதிர்காமத்து முருகன் மேலும் அவர் பாடியிருக்கிறார். கார்த்திகையிலும் கந்த சஷ்டியிலும் மலையகக் கோயில்களில் அவற்றைப் பாடுகிறவர்கள் இன்றும் உண்டு.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கண்டி வன்னத்தை முழுசாகக் கேட்டுப் பாருங்கள். மேளம் முழங்குவதற்கு முன்னால் பாடுகிறவர் பொருளற்ற அசைகளில் ஒரு மெட்டு இழுப்பார். தானம், தம், தெனா, இவைதான் அந்த அசைகள். இந்தப் பகுதிக்குப் பெயரே ‘தானம’. இந்த வன்னத்தின் மெட்டு இது, நடை இது என்று தானம தீர்மானித்துவிடும். பிறகு கவி, அதாவது சொற்கள் உள்ள பாட்டு. அந்தச் சொற்கள் தானமவின் அச்சுக்குள் வந்து உட்காருகின்றன. கவி முடியும் இடத்தில் கஸ்திரம என்ற சிறு ஆட்டத் துண்டு, பரதத்தில் ‘தீர்மானம்’ என்ற முடிவுத் துண்டு செய்யும் வேலை. அப்புறம் சீருமாருவ, நிதானமான அடிகளோடு அடுத்ததற்குத் தயாராவது. கடைசியில் அடவ்வ. மேளக்காரரும் ஆட்டக்காரரும் தங்கள் வித்தை முழுவதையும் இறக்கும் பகுதி. அடவ்வ, பரதத்தின் அடவு. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

‘தானம’வையும் ‘தனதனன தான’வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டு மரபும் ஒரே மாதிரி வேலை செய்வது தெரியும். முதலில் சந்தம், பிறகு சொல். ஒவ்வொரு வன்னத்துக்கும் அதற்கே உரிய தானம இருக்கிறது. மயிலின் சொற்களை எடுத்து யானையின் மெட்டில் பாடினால் அது மயூர வன்னம ஆகாது. அப்படியானால் அந்தப் பெயர் யானையை மட்டுமா குறிக்கிறது? யானையின் நடையையும், அதாவது அந்த ஓசை அச்சையும் சேர்த்துத்தான் குறிக்கிறது. என் வாசிப்பு இதுதான்: பெயரின் வேர் வருணனை. ஆனால் அந்த மடுவத்தில் உட்கார்ந்து கவி கட்டியவர்கள் காதில் அது சந்தத்தின் பெயராகவும் ஒலித்திருக்க வேண்டும். ஏனென்றால் அவர்களைச் சுற்றித் தமிழ் இருந்தது.

அதற்குச் சாட்சி வன்னங்களின் பெயர்களுக்குள்ளேயே இருக்கிறது. முசலடியை எடுத்துக்கொள்ளுங்கள். முயலுக்குச் சிங்களத்தில் ஹாவா. பாளியிலும் வடமொழியிலும் சச, சசம். இந்த முசல் எங்கிருந்து வந்தது? முயலை முசல் என்று சொல்கிறவர்கள் நாம். முசலடி என்றால் முயலின் அடி, முயல் அடியெடுத்து வைக்கிற விதம். ஆட்டத்தைப் பார்த்தாலும் அதுதான், முயல் தாவும் விதம், நின்று திரும்பும் விதம். பெயர் விலங்கையும் சொல்கிறது, நடையையும் சொல்கிறது. நையடி, ஈரடி என்று இன்னும் இரண்டு பெயர்கள் அதே ‘அடி’யில் முடிகின்றன. பாதமும் அடி, பாட்டின் வரியும் அடி என்று வைத்திருக்கும் மொழியிலிருந்து இந்தப் பெயர்களைக் கேட்டால், ஆட்டமும் பாட்டும் ஒரே சொல்லில் நிற்பது போலத் தோன்றும். தென்பகுதியின் பஹதரட்ட மரபிலோ ‘சிந்து வன்னம்’ என்றே ஒரு வகை இருக்கிறது. சிந்து என்ற சொல்லைக் காவடிச் சிந்து தெரிந்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

காது எப்போதும் நம்பத்தக்கது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘நையாண்டி’யைப் பாருங்கள். நம் ஊரில் நையாண்டி என்றால் கேலி. நையாண்டி மேளம் என்றால் கரகத்துக்கும் காவடிக்கும் அடிப்பது. கண்டியில் நையாண்டி என்பது வெள்ளை உடுத்தி, வெள்ளைத் தலைப்பாகை கட்டி, மணிமாலைகளும் வெள்ளிச் சங்கிலிகளும் பூண்டு, கங்காரியவில் விளக்கேற்றும்போதும் படையல் ஆக்கும்போதும், விழாக்களின்போது தேவாலயங்களிலும் ஆடும் பக்தியான ஆட்டம். ஒலி ஒன்றுதான், கேலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மலைநாட்டுப் பெரிய மேளத்தின் பெயரும் அப்படி. ‘கெட்ட பெர’ என்று தமிழில் எழுதினால் படிப்பவர் முகம் சுளிப்பார். பெர என்பது பேரி, பேரிகை. அதில் கெட்டுப்போனது ஒன்றும் இல்லை. ஒலி ஒத்திருந்தால் ‘நம்முடையது’ என்று பாய்வதும், ஒலியை வைத்து ஏளனம் செய்வதும் ஒரே வகைத் தவறு.

‘நாயக்கர் கொண்டுவந்தது’ என்ற பதிலில் உள்ள அவசரம் இங்கேதான். மரபுப்படி வன்னங்கள் நரேந்திரசிங்கன் காலத்தவை. அவன் நாயக்கன் இல்லை, சிங்கள வம்சத்தின் கடைசிக் கண்டி அரசன். பட்டத்துக்கு உரிய பிள்ளையில்லாமல் அவன் இறந்த பிறகு, 1739ல், அவன் மதுரை ராணியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினான். நாயக்கர் ஆட்சி தொடங்குவது அங்கேதான். அடுத்து கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1782 வரை, ராஜாதி ராஜசிங்கன் 1798 வரை, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 வரை. வன்னம் பிறந்த பிறகுதான் இவர்கள் வருகிறார்கள்.

ஆனால் தமிழ்க் கலைஞர்கள் கண்டிக்குள் வர 1739 வரை காத்திருக்கவும் இல்லை. கண்டி அரசர்கள் மதுரையிலிருந்து பெண் எடுப்பது அதற்கு முன்பே, இரண்டாம் ராஜசிங்கன் காலத்திலேயே வழக்கம். ராணி தனியாக வருவதில்லை. உறவு, பரிவாரம், பூசை, பாட்டு எல்லாம் கூட வரும். பின்னால் அரசனின் உறவினர்கள் குடியிருந்த வீதி கண்டியில் குமாரூப்பே வீதி, ஆங்கிலேயர் வாயில் மலபார் வீதி. தென்னிந்தியரை, குறிப்பாகத் தமிழரை, அவர்கள் ‘மலபார்’ என்றுதான் எழுதினார்கள். அந்த அவையில் சிங்களக் கவி கட்டியவருக்குத் தமிழ்ச் சந்தம் தெரியாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். நாயக்கர் காலத்தில் கவிகார மடுவ இன்னும் செழித்தது. அவர்கள் வன்னத்தைப் பெற்றவர்கள் இல்லை, வளர்த்தவர்கள் என்று சொன்னால் காலக்கணக்கும் இடிக்காது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கண்டி அவையின் தமிழையும் மலையகத் தோட்டங்களின் தமிழையும் ஒரே நூலில் கோப்பது மேடைப் பேச்சுகளில் வழக்கமாகிவிட்டது. கேட்க நன்றாக இருக்கும். வரலாறு அப்படி இல்லை. 1815 மார்ச் 2ல் கண்டி ஒப்பந்தத்தோடு அரசு முடிந்தது. அரசன் வேலூருக்கு அனுப்பப்பட்டு அங்கேயே 1832ல் இறந்தான். கம்பளைப் பக்கம் முதல் பெரிய கோப்பித் தோட்டங்கள் எழுந்தது 1820களில். நம் முன்னோர் தலைமன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு ஏறி வந்தபோது கவிகார மடுவமும் இல்லை, கவி கேட்க அரசனும் இல்லை. அவர்கள் கொண்டுவந்தது தப்பும், காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும். அவை லயத்து முற்றத்தில் ஆடுபவை. அரசவைத் தமிழோடு அவற்றுக்கு நேர்த்தொடர்பு தேட வேண்டியதில்லை. தம்மளவில் அவை போதுமான வரலாறு உள்ளவை.

அரசு போனதும் வன்னத்துக்கு என்ன ஆனது என்பதில்தான் பெயரின் அடுத்த திருப்பம். புரவலன் இல்லாத பாட்டு பொதுவாக அழிந்துபோகும். பிரசஸ்திகளுக்கு ஏறக்குறைய அதுதான் நடந்தது, புகழப்பட வேண்டிய அரசனே இல்லையே. வன்னம் தப்பியது. காரணம், அது ஆட்டக்காரர் கைக்குப் போய்விட்டது. கோயில்களுக்கும் விகாரைகளுக்கும் ஆட்டமும் மேளமும் வழங்குவதற்காகச் சில குடும்பங்கள் சேவைக் காணிகளை அனுபவித்துவந்தன. அந்தக் காணியும் கடமையும் அரசனோடு போகவில்லை. நித்தவெல, அமுனுகம, தித்தபஜ்ஜல போன்ற ஊர்களில் பரம்பரைகள் இருந்தன. பாடுவதற்கு மட்டும் இருந்த வன்னங்கள் அங்கே தனி ஆட்டங்களாக முழு உருவம் பெற்றன. பதினெட்டையும் கற்றுத் தேறிய மாணவனுக்குத்தான் குரு வெஸ் கட்டிவிடுவார் என்ற முறையும் வந்தது. அரசவைப் பாட்டு, சடங்கு முடிக்கு நுழைவுத் தேர்வானது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். அரசன் கேட்டு மகிழ்ந்த யானையும் மயிலும், அரசன் முகமே பார்க்காத கிராமத்துப் பையனின் பாடத்திட்டம் ஆகிவிட்டன.

இதற்கு இணையான ஒன்று பரதத்தில் இருக்கிறது. பரத வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு ‘வர்ணம்’ தெரியும். கச்சேரியின் நடுவில் வரும் நீண்ட, கடினமான உருப்படி. தஞ்சாவூர் அரசவையில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வர் ஒழுங்குபடுத்திய வரிசையில் அது நடுநாயகம். அதுவும் பாட்டு வடிவத்தின் பெயர்தான், ஆட்டத்தின் பெயர் இல்லை. தஞ்சாவூரில் வர்ணம், கண்டியில் வன்னம. ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று நான் சொல்லவில்லை, கண்டியின் வன்னம் காலத்தால் முந்தியது. இரண்டு அவைகளும் பாட்டை முன்னால் வைத்து ஆட்டத்துக்குப் பெயரிட்டன என்பதுதான் விஷயம். பரதத்தின் மொத்தப் பெயரோ 1930களில் மாறியது. அதற்கு முன் அது சதிர். கண்டி மரபில் அப்படி ஒரு பெயர்மாற்றம் நடக்கவில்லை. அதனால்தான் அந்தப் பெயர்கள் இவ்வளவு சொல்கின்றன.

நம் பாடசாலைகளில் மட்டும் இந்த இரண்டும் சந்திப்பதே இல்லை. சாதாரண தரப் பரீட்சையில் சுதேச நடனம் ஒரு பாடம், பரத நடனம் வேறொரு பாடம். சிங்கள மொழிமூலப் பிள்ளைகள் பெரும்பாலும் முதலாவதுக்கு, தமிழ் மொழிமூலப் பிள்ளைகள் இரண்டாவதுக்கு. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பக்கத்துப் பக்கத்துப் பாடசாலைகளில் ஒருத்தி ‘அடவு’ பழகுவாள், ஒருத்தி ‘அடவ்வ’ பழகுவாள். இரண்டு பாடத்திலும் இதைப் பற்றி ஒரு பக்கம் சேர்த்தால் யாருக்கும் நட்டமில்லை.

வன்னம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று, பதினெட்டோடு அது நிற்கவில்லை. சமனல (வண்ணத்துப்பூச்சி), மஹபோ (போதி மரம்), ஹன்ச (அன்னம்) என்று பின்னாலும் வன்னங்கள் சேர்ந்திருக்கின்றன. புதிதாகக் கட்டியவர்களுக்கும் தானம, கவி, அடவ்வ என்ற அச்சுத்தான் வழிகாட்டி. அதாவது வன்னம் என்பது பழைய பதினெட்டு உருப்படிகளின் பெயராக மட்டும் இல்லை, புதிதாகவும் ஊற்றக்கூடிய ஒரு வடிவத்தின் பெயர். வருணனை என்ற ஒற்றைப் பதில் பாதியில் நிற்கிறது என்று முதலில் சொன்னது இதனால்தான்.

கண்டி ஏரிப்பக்கம் மாலையில் சுற்றுலாப் பயணிகளுக்காக நடக்கும் நிகழ்ச்சிகளில் நிலைமை வேறு. சங்கு ஊதி, மேளம் அடித்துத் தொடங்கி, தீ மிதிப்பில் முடிய வேண்டிய ஒரு மணி நேரத்துக்குள் பல ஆட்டங்கள். ஒரு வன்னத்துக்குச் சில நிமிடம்தான். அப்படிச் சுருக்கும்போது முதலில் கத்தரி விழுவது கவியின் மேல். பார்க்க வந்தவர்களுக்குச் சிங்களம் தெரியாது, சுழற்சியும் தாவலும்தான் கண்ணுக்கு விருந்து என்ற கணக்கு. தானம ஒரு வரியோடு நிற்கும், உடனே அடவ்வ. கையில் கொடுக்கும் தாளில் ‘மயில் நடனம்’ என்று இருக்கும். பாட்டு போன பிறகு வன்னம் என்ற பெயருக்கு அங்கே வேலையில்லை, அந்த அளவில் தாளில் இருப்பது நேர்மையான பெயர்தான்.

முழு வன்னம் கேட்க வேண்டுமானால் சிங்களப் பாடசாலைகளின் நடனப் போட்டிகளுக்குப் போங்கள், அல்லது கண்டியைச் சுற்றியுள்ள பரம்பரைக் குருமாரின் வகுப்புகளுக்கு. அங்கே பிள்ளைகள் கால் எடுத்து வைப்பதற்கு முன்னால் தானமவை வாயால் சொல்லிப் பழகுவார்கள். நம் மேடைகளில் அறிவிப்புச் செய்கிறவர்களுக்கும் ஒரு யோசனை: ‘அடுத்து யானையைப் பாடி ஆடும் கஜகா வன்னம்’ என்று சொல்லிப் பாருங்கள். நான்கு விநாடிதான் கூடும்.